அவள் வரைந்த ரோடு

பதினெட்டு வருஷமாக நான் பார்த்து வரும் வேலை குறை கண்டுபிடிப்பது. ஓசூரில் அலுமினிய வார்ப்புச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் என்னுடையது. தலைக்கு மேலே வெள்ளை டியூப்லைட். இடது பக்கமிருந்து பீஸ் வரும். கையில் எடுத்து நாலு திருப்பு திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசித் துளை, வெடிப்பு, பிசிறு, ஏதாவது கண்ணில் பட்டால் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரால் ஒரு வட்டம். வட்டம் போட்டது சிவப்புத் தொட்டிக்குப் போகும். நல்லது பச்சைத் தொட்டிக்கு. நல்லதா இல்லையா என்று எனக்கே பிடிபடவில்லை என்றால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி நடுத் தொட்டியில் வைக்க வேண்டும். அதற்கு ஹோல்டு என்று பேர்.

வீட்டுக்கு வந்தாலும் கை அடங்காது. காய்கறி வண்டியில் தக்காளியை எடுத்து நாலு திருப்பு திருப்புவேன். "இது கம்பெனி இல்ல தாயி, தக்காளி" என்பார் வண்டிக்காரர்.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். படிப்பு பத்தாவதோடு சரி. மற்றதெல்லாம் மனிதர்கள் பேசக் கேட்டுக் கற்றுக்கொண்டது. யாராவது ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லிவிட்டால் இரண்டு நாளைக்கு அதை வாயில் அடக்கி வைத்திருப்பேன். எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ஒருமுறை சொன்னார்: "இந்த ஊர்ல யாரும் தூங்கறதில்லம்மா. ஷிப்ட் மாத்திக்கறாங்க, அவ்ளோதான்." என் உடம்பு வலிக்கு யாரோ பேர் வைத்தது மாதிரி இருந்தது அது.

மத்திகிரியில் நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரு காம்பவுண்டுக்குள் பன்னிரண்டு குடித்தனம், ஆளுக்கு ஒற்றை அறை. ரோட்டுப் பக்கம் வாடகைக்குப் போகாத கடை ஒன்று ஷட்டர் இறக்கிக் கிடந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுகிற கவுன்சலர் மேடம் ஒருவர், வீட்டுக்காரரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கடையைத் திறக்க ஏற்பாடு செய்தார். மனசில் அடிபட்ட பதினாலு, பதினாறு வயசுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து படம் வரைய ஒரு இடம். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லிவிடும் என்றார். மூன்று ஞாயிறு வந்தார். நாலாவது வாரம் வேறு மாவட்டத்துக்கு மாற்றல். அவர் என்னிடம் கொடுத்து வைத்திருந்த கடைச் சாவி என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் என் வாசலில் வந்து நின்றார்கள். திறந்துவிட்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

போவதற்கு முன்னால் மேடம் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். வரையக் கற்றுக்கொடுக்க வேண்டாம். வரைந்ததைத் திருத்த வேண்டாம். பேசச் சொல்லி நச்சரிக்க வேண்டாம்.

"அப்புறம் நான் என்னதான் மேடம் செய்யணும்?"

"கூட உக்காருங்க."

வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்கு உட்காரச் சொன்னால் கசக்குமா. ஒத்துக்கொண்டேன்.

கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பழைய அட்டைப்பெட்டிகள், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்கள் எல்லாம் எடுத்து வந்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அதில் ஒருத்தி வாயாடி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்றிலும் நிறுத்தாமல் பேசுவாள். அவளுடைய அப்பாவுக்கு பிரஸ் மிஷினில் இரண்டு விரல் போய்விட்டது. அதற்கப்புறம் இவள் வரைவதெல்லாம் கை. ஒவ்வொரு கையிலும் ஆறு விரல், ஏழு விரல். என் கண் தானாக எண்ணும். வாயைக் கட்டிக்கொண்டு இருப்பேன். அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இருக்கட்டும்க்கா. ஸ்பேரு."

இன்னொருத்தி நேர் எதிர். காம்பவுண்டின் கடைசி வீட்டுப் பெண், பதினாறு வயசு, பிளஸ் ஒன். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்த குடும்பம். அப்பா இங்கே ஒரு கம்பெனியில் லோடிங் வேலைக்கு வந்ததால் இடம் மாறியவர்கள். மாங்காய்க் காலத்தில் அவளுடைய அம்மா ரோட்டு விபத்தில் இறந்துவிட்டாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். கூடவே இவளும் இருந்தாள் என்றும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை.

பள்ளிக்கூடம் திறந்தும் அவள் போகவில்லை. பள்ளிக்கூடம் எங்கள் காம்பவுண்டுக்குக் கிட்டத்தட்ட எதிரில். நடுவில் ஒரு மெயின் ரோடு, அவ்வளவுதான். அந்த ரோட்டை அவளால் தாண்ட முடியவில்லை. ஓரம் வரை வருவாள், நிற்பாள், திரும்பிவிடுவாள். அவள் அப்பா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி பஸ், லாரி எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகு அவர் இழுக்கவில்லை.

கிளாஸ் டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அரையாண்டு லீவு முடிந்து வரவில்லை என்றால் பேரை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று. அப்பா யோசித்து வைத்திருந்தது வேறு. ஊரில் இவளுடைய மாமன் ஒருவன் இருக்கிறான், கேட்டுக்கொண்டே இருக்கிறான், கட்டிக் கொடுத்துவிடலாம். "பதினாறுதானேண்ணே ஆவுது" என்று நான் சண்டைக்குப் போனேன். அந்த மனுஷன் சத்தம் போடவில்லை. "நா ஷிப்டுக்குப் போய்ட்டா இவ தனியா செவுத்தப் பாத்துக்கினு உக்காந்துருக்குதுங்க. என்னா பண்றது, நீங்களே சொல்லுங்க. ஸ்கூலுக்குப் போனா நா ஏன் இதெல்லாம் நெனைக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் வருவாள். ஷட்டரை ஒட்டி, வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்காருவாள். எல்லா வாரமும் ஒரே படம். ரோடு. மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. தாள் முழுக்கக் கறுப்பு, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, நடுவில் மீடியன் சுவருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. வண்டி கிடையாது, ஆள் கிடையாது. கறுப்பை மட்டும் மூன்று தடவை, நாலு தடவை பூசுவாள். ஒரு பொட்டு வெள்ளை தெரியக்கூடாது அவளுக்கு. அப்படியொரு சுத்தமான வேலையை எங்கள் கம்பெனி லைனில்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு படத்திலும் அந்தச் சாம்பல் பட்டை ஒரு இடத்தில் விட்டுப் போயிருக்கும். ஒரு விரல் அகலத்துக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி நடந்தது என்று இப்போது நினைத்தாலும் என் கை மீதுதான் கோபம் வருகிறது. அந்த வாரம் கம்பெனியில் அவசர ஆர்டர். நாலு நாள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தேன். கண்ணை மூடினாலும் பீஸ் வந்துகொண்டே இருந்தது. பெயிண்ட் டப்பா மூடிகள் மாறிப்போகின்றன என்று, மூடி மேல் கலர் பேர் எழுத மார்க்கரைக் கையில் வைத்திருந்தேன். அவள் படத்தை முடித்துக் காயட்டும் என்று என் பக்கம் தள்ளி வைத்தாள். இடது பக்கமிருந்து வந்தது. நான் எடுத்தேன், ஒரு திருப்பு திருப்பினேன், சாம்பல் பட்டை விட்டுப்போன இடத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுவிட்டேன்.

"இங்கிட்டுக் கோடு விட்டுப்போச்சு பாரு" என்று வேறு சொன்னேன்.

அவள் வட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிரஷைத் தண்ணீரில் அலசினாள். துணியில் துடைத்தாள். டப்பாவில் முடி மேலே இருக்கும்படி நிறுத்தினாள். பிறகு அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாயாடிப் பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள், "என்னாக்கா, ரிஜெக்ட் பண்ட்டியா?"

அடுத்த மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. வரைந்ததைத் திருத்த வேண்டாம் என்று மேடம் சொன்னது காதிலேயே நின்றது. பிள்ளை கோபித்துக்கொண்டது, போகப் போகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது, உடம்பும் முடியவில்லை.

நாலாவது வாரம் ஒரு சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அவளுடைய அப்பா என்னை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார். மடித்த இடங்களில் கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. வட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இது நீங்க போட்டதுங்களா?"

"ஆமாண்ணே. அது வந்து..."

"அந்த எடம் உங்களுக்கு எப்டித் தெரியும்?"

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். குருபரப்பள்ளியில் ஹைவே மீடியனில் ஜனங்கள் போக வர ஒரு இடத்தில் உடைத்து வைத்த சந்து இருந்தது. ஊரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கினால் ஓசூர் பஸ்ஸுக்கு ஹைவேயைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். சுற்றிப் போனால் நேரமாகும் என்று எல்லோரும் அந்தச் சந்தில் புகுந்து போவார்கள். அன்றைக்கு மகள் முதலில் போய்விட்டாள். அம்மா மாங்காய்ப் பையோடு பின்னால். சந்திலிருந்து வெளியே வந்த இடத்தில்தான்.

"இதோ, இங்கதான்" என்று என் சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தார். "கரெக்டா போட்டுருக்கீங்க."

குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடவில்லை. பின்னால் நின்ற பெண் என்னைத் தள்ளிவிட்டு மூடினாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து செருப்பைக்கூட மாற்றாமல் கடைசி வீட்டுக்குப் போனேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வாசல்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. என் வேலையைப் பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

"அது நான் போட்ட வட்டம் இல்ல கண்ணு. என் கை போட்டது. பதினெட்டு வருஷமா அது வட்டம் போட்டுப் போட்டே பழகிருச்சு. தக்காளிக்குக்கூடப் போடும். எனக்கு அந்த எடம் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

நான் பேசிக்கொண்டே போனேன். சிவப்பு, பச்சை பற்றிச் சொல்லிவிட்டுக் கைப்பையில் கிடந்த மஞ்சள் ஸ்டிக்கர் துண்டுச் சுருள் ஒன்றைத் தரையில் வைத்தேன். "இது ஹோல்டு. ஓகேயும் இல்ல, ரிஜெக்டும் இல்ல. இது ஒட்டுனா யாரும் அத அவசரப்படுத்த மாட்டாங்க. லைன் லீடரே வந்தாலும் தொடக் கூடாது."

சுவர்ப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"எத்தினி நாளு வெப்பாங்க?"

"சிலது மாசக் கணக்கா கெடக்கும். நாங்க அப்பப்பத் தூசி தட்டி வைப்போம்."

எழுந்தபோது எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, மெதுவாக நடந்து வந்தேன்.

அந்த ஞாயிறு அவள் வந்தாள். தாளை எடுத்தாள். வழக்கம்போல ரோடு, கறுப்பு, வெள்ளைக் கோடு, சாம்பல் பட்டை, சந்து. நான் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டேன். காய்ந்ததும் மெல்லிய பிரஷ் எடுத்தாள். ரோட்டின் ஒரு ஓரத்தில் தீக்குச்சி மாதிரி ஒரு பெண், கை தூக்கியிருந்தது. சந்துக்குள் இன்னொரு பெண், கையில் பை. பைக்குள் பச்சையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். அதை மட்டும் எண்ணி எண்ணி வைத்தாள்.

"நாந்தாங்க்கா கூப்ட்டேன்" என்றாள், தாளைப் பார்த்தபடியே. "வாம்மா, ஒண்ணும் வரல, வாம்மான்னு. எனக்கு ரோடு காலியாத்தான் தெரிஞ்சிது."

கடைக்குள் பிரஷ் சத்தம் நின்றுபோனது. உன் மேல் தப்பில்லை என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பீஸைச் சரியாகப் பார்க்காமல் பச்சைத் தொட்டியில் போடுகிற மாதிரி இருந்தது அது. கூட உட்காருங்க என்றுதானே சொன்னார் மேடம். உட்கார்ந்திருந்தேன்.

வாயாடிதான் பேசினாள். ஏழு விரல் கைக்கு நகம் வைத்துக்கொண்டே, தன்பாட்டுக்குப் பேசுகிற மாதிரி.

"எங்கப்பாவுக்கு வெரல் போன அன்னிக்கி, கூட வேல செய்ற அண்ணந்தான் மிஷின அமுத்துன்னு ஆப்பரேட்டர்ட்ட சொல்லுச்சாம். கை வெளிய இருக்குதுன்னு நெனச்சிக்கிச்சாம். அதுலருந்து அந்தண்ணன் எங்க வூட்டுக்கு வர்றதே இல்ல. எங்கப்பா தெனம் கேக்கறாரு, அவன் ஏன் வர்ல, அவன் ஏன் வர்லன்னு."

கடைசி வீட்டுப் பெண் தலையைத் திருப்பினாள். "வந்தா திட்டுவாரா?"

"எதுக்குத் திட்டறாரு? டீ குடிக்க ஜோடி இல்லன்னு கேக்கறாரு."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், தாள் நனையக்கூடாது என்று தள்ளி வைத்துவிட்டு அழுதாள். வாயாடிக்குப் பயம் வந்துவிட்டது. "அக்கா, நா ஒண்ணும் பண்லக்கா" என்று என் பக்கம் பார்த்தாள். பிறகு, தன் படத்தில் ஒரு கையைக் கத்தரித்து எடுத்து, அதை அவள் பக்கம் தள்ளினாள். "வேணும்னா வெச்சிக்கோ. ஏழு வெரலு." அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பும் வந்து மூக்கு ஒழுகியது. நான் என் முந்தானையைக் கொடுத்தேன். போகும்போது அவள் தன் படத்தின் மூலையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அதற்குப் பிறகும் ரோடுதான் வரைந்தாள். இரண்டு வாரம் படத்தில் அந்த இரண்டு பெண்கள் இருப்பார்கள், ஒரு வாரம் இருக்கமாட்டார்கள். ஒருமுறை அம்மாவை மட்டும் வரைந்து, அதன் மேலேயே கறுப்பைப் பூசிவிட்டாள். அரையாண்டு லீவு வந்தது. மாமன் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். நான் அவள் அப்பாவிடம் திரும்பவும் போய் நின்றேன். "ஸ்கூல் தொறக்கட்டுங்க, பாக்கலாம்" என்றார். அதுவரைக்கும் பொறுத்தாரே.

ஸ்கூல் திறப்பதற்கு முதல் நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"நா போறேங்க்கா ஸ்கூலுக்கு. ஆனா ரோடு தாண்ட மாட்டேன்."

"எப்படிப் போவ? பறந்தா?"

"பஸ்ல."

அவள் யோசித்து வைத்திருந்தாள். எங்கள் பக்கம் நிற்கிற டவுன் பஸ் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது. அங்கே இறங்கி, திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறினால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட வாசலிலேயே இறக்கிவிடும். எங்கேயும் ரோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. சாயங்காலம் அதே பக்கம் ஏறி, பஸ் திரும்புகிற கடைசி ஊர் வரை போய், இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே பஸ் எங்கள் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குத்தான் காசு கிடையாதே. முப்பது அடி ரோட்டுக்குக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒன்றேகால் மணி நேரம்.

அவள் அப்பா இதைக் கேட்டுவிட்டு காம்பவுண்ட் வாசல் வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "இப்டியும் ஒரு வழி இருக்குதா" என்றார் கடைசியில்.

முதல் நாள் கண்டக்டருக்குப் பிடிபடவில்லை. "எங்கம்மா எறங்கணும்?" "ஸ்கூலுக்குண்ணா." "ஸ்கூலு எதுருல இருக்குது, பஸ் ஸ்டாண்டுக்கு ஏன் வர்ற?" மூன்றாம் நாள் அவரே கண்டுபிடித்துவிட்டார். "ரோட்டத் தாண்ட ஊரையே சுத்தறியா நீ?" என்றாராம். பிறகு கேட்கவில்லை. டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுக்கிறார்.

எனக்கு முதல் ஷிப்ட் வருகிற வாரங்களில் இரண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்கு ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பேன். அவள் வருவாள். இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நிற்போம். எதிரே எங்கள் காம்பவுண்ட் ஷட்டர் தெரியும். யாராவது கை காட்டுவார்கள். ஒரு கம்பெனி பஸ் போகும், கல் லாரி போகும், அப்புறம் கொஞ்ச நேரம் ரோடு காலியாக இருக்கும். நான் வா என்று சொல்லமாட்டேன். அந்த வார்த்தையை அவள் பக்கத்தில் நான் சொல்வதே இல்லை. அவள் ஒரு கால் எடுத்து வைத்து, திரும்பவும் பின்னால் வைப்பாள். போன வாரம் இரண்டு கால் வைத்தாள். வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டு வந்தாள்.

நேற்றும் நின்றோம். மூன்று தடவை ரோடு காலியானது.

"இன்னிக்கும் ஹோல்டுதாங்க்கா" என்றாள்.

"சரி, இருக்கட்டும்."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அவள் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். பக்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் அவள் பேர் இருக்கிறது. மாமன் வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. கடைசி ஊரில் பஸ் திரும்பியது எனக்குத் தெரியாது. விடியற்காலையிலிருந்து நின்ற உடம்பு, சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிட்டேன். தோளைத் தட்டினாள் அவள்.

"அக்கா, எழுந்திரு. நம்ம பக்கம் வந்துருச்சு."